மூடி இல்லாத கோப்பை

லூவாவுக்கு எதையும் மூன்று முறை பார்த்தால்தான் மனசு ஆறும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகும் சிலிண்டர் பக்கத்தில் குனிந்து மோந்து பார்ப்பாள். கணவர் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் பென் சாய் கால்பந்து அணியின் பேருந்தை ஓட்டியவர். அவர் மாரடைப்பில் போன பிறகு, கழகத்தார் இரக்கப்பட்டு அவளுக்கு அலுவலகத்தில் வேலை போட்டுக்கொடுத்தார்கள். பொருள் காப்பாளர் வேலை. பந்து, வலை, சட்டை, மருந்துப் பெட்டி, கோப்பைகள் எல்லாம் அவள் பொறுப்பு. இருபத்தொரு வருஷத்தில் ஒரு காலுறை காணாமல் போனதில்லை. அவளைப் போல ஒருத்திக்கு அந்த வேலை பொருத்தம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்ட்டில் லாவோஸ் காற்று ஓயாமல் அடித்தது. மலையைத் தாண்டி வரும் அந்த அனல் காற்றில் மைதானத்துப் புல் காய்ந்து சருகாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன் நிற்பது போல் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில், ஜன்னல்களை அடைத்துவிட்டு, லூவா அலமாரியிலிருந்து சூப்பர் கோப்பையின் பெட்டியை இறக்கினாள். இன்னும் ஒன்பது நாளில் அதை ஹனோய்க்குக் கொண்டுபோய் சம்மேளனத்தில் ஒப்படைக்க வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

லீக்கை வென்ற அணியும் தேசியக் கோப்பையை வென்ற அணியும் புது சீசனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம் மோதும். அதுதான் சூப்பர் கோப்பை. வென்றவர்களிடம் கோப்பை ஒரு வருஷம் இருக்கும். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய நகரத்து அணிகள் அதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. பாதிப் பேர் கடலோர விடுதியில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, மீதிப் பேரை அனுப்பி ஆடுவார்கள். "மெடல் குடுக்கற பயிற்சி ஆட்டம்" என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் பென் சாய் போன்ற மீன்பிடித் துறைமுக ஊருக்கு லீக்கை வெல்வது கனவிலும் நடக்காது. முந்தின வருஷம் எப்படியோ தேசியக் கோப்பையை வென்றார்கள். அந்த வழியில் சூப்பர் கோப்பை ஆட வாய்ப்பு வந்தது. அதையும் பெனால்டியில் வென்றுவிட்டார்கள். அன்று மீன் சந்தையில் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினார்கள்.

லூவா முதலில் மரப் பீடத்தைத் துடைத்தாள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், வருஷத்துக்கு ஒன்று. அந்தப் போட்டியின் முழுக் கதையும் அந்தத் தகடுகளில்தான் இருந்தது. முதல் தகட்டில் இருந்த அணி இப்போது இல்லை, கலைத்துவிட்டார்கள். இரண்டாவது ஒரு தொழிற்சாலை அணி. தொழிற்சாலையும் போய்விட்டது. அப்புறம் ஒரே அணி மூன்று தகடுகளில் மூன்று பெயரோடு இருந்தது: முதலில் ஊர்ப் பெயர், பிறகு சிமெண்டுக் கம்பெனிப் பெயர், பிறகு வங்கிப் பெயர். நடுவில் ஒரு தகடு வெறுமையாகக் கிடந்தது. அந்த வருஷம் இரண்டு கோப்பைகளையும் ஒரே அணி அள்ளிக்கொண்டுபோனதால் ஆட்டமே நடக்கவில்லை. தன்னோடு தானே எப்படி மோதுவது? அதற்குப் பிறகுதான், அப்படி நேர்ந்தால் இரண்டாம் இடத்து அணி வந்து ஆடட்டும் என்று விதியை மாற்றினார்கள். கொள்ளை நோய் வருஷத்துக்கும் ஒரு வெறும் தகடு. கடைசியில், இன்னும் மங்காத பித்தளையில், பென் சாய். லூவா அதை மட்டும் இரண்டு முறை துடைத்தாள்.

பிறகு பஞ்சு மெத்தையிலிருந்து கோப்பையைத் தூக்கினாள். அதற்குப் பக்கத்தில், மூடிக்கென்று வட்டமாக வெட்டியிருந்த பள்ளம் காலியாக இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தாள். பஞ்சைப் பிய்த்துப் பார்த்தாள். அலமாரியின் ஆறு தட்டுகளையும் இறக்கி ஏற்றினாள். வலைச் சுருளை அவிழ்த்து உதறினாள். மதியம் ஆனபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். போன பிப்ரவரியில், வங்கிக் கிளை தன் புத்தாண்டுக் கண்காட்சிக்கு வாங்கிப்போன கோப்பை திரும்பி வந்த தேதி. 'கோப்பை, மூடி, பீடம், பெட்டி, சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்.' கீழே அவள் கையெழுத்து.

அன்று அவள் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. தெற்கே பின் யூங்கில் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதென்று தொலைபேசி வந்திருந்தது. பேருந்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு முறைதான் இப்படி வந்து நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம். துணைத் தலைவர் லோக் அண்ணனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மனிதர் ஒரு நிமிஷம் யோசிப்பார், அப்புறம் கையெழுத்து யாருடையது என்று கேட்பார். பத்திரிகையில் வரும். பென் சாய்க்காரர்களுக்கு வராத கோப்பை வந்தது, அதையும் தொலைத்துவிட்டார்கள் என்று நாடே சிரிக்கும். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. விலாங்கு மீன் கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. வென்ற நாளிலிருந்து பிப்ரவரி வரை கோப்பை அவள் கைக்கு வராமலே இடம் மாறி மாறி ஊர் சுற்றியது; போன இடமெல்லாம் புகைப்படம் எடுத்திருந்தார்கள். கழகத்துக் கணினியில் தேதி வாரியாக எல்லாம் இருந்தன. பின்னாலிருந்து ஆரம்பித்தாள். வங்கியில், புத்தாண்டுக்கு வைக்கும் கும்குவாட் மரத்துக்குப் பக்கத்தில் கோப்பை: மூடி இல்லை. மேலாளர் கோப்பைக்குள் பிளாஸ்டிக் பீச் மலர் சொருகி வைத்திருந்தார். அதற்கு முன் மாகாண அலுவலகம்: மூடி இல்லை. மூன்று பள்ளிக்கூடங்கள்: இல்லை. அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், தொட்டுக் கும்பிடாத குறையாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அது மூடி உள்ள கோப்பை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னும் பின்னால் போனாள். செப்டம்பர் முதல் வாரம், மாகாண மருத்துவமனை. கட்டிலில் கோல்கீப்பர் துயென். வலது காலில் இடுப்பு வரை கட்டு. மடியில் கோப்பை. கையில் மூடி.

அதுதான் மூடி இருந்த கடைசிப் படம்.

சூப்பர் கோப்பை ஆட்டத்தின் ஐந்தாவது பெனால்டியைத் தடுத்தவன் துயென். பந்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தபோது முழங்கால் மடங்கிப் பிசகிவிட்டது. மற்றவர்கள் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். அவன் கத்தியதை மகிழ்ச்சியில் கத்துகிறான் என்று நினைத்தார்கள். பரிசு கொடுத்தபோது அவன் ஆம்புலன்சில் இருந்தான். நவம்பரில், இனி ஆட மாட்டான் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்ததும் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளும் லூவாதான்.

புதன்கிழமை பிற்பகல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். நெடுஞ்சாலை ஓரம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் கழுவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். காலை நீட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே குழாயைப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான். அவன் மனைவி தாவோ பச்சைத் தேயிலைத் தண்ணீரும் கடலை மிட்டாயும் கொண்டுவந்து வைத்தாள். லூவா வெயிலைப் பற்றிப் பேசினாள். முழங்காலைப் பற்றி விசாரித்தாள். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். பேச வந்தது மட்டும் வாயில் வரவில்லை. அவன்தான் வழி விட்டான்.

"அத்தை, சுத்தி வளைக்காதீங்க. மூடிதானே? எங்கிட்டதான் இருக்கு. எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷம் ஆக்கிட்டீங்க."

அவளுக்கு உயிர் வந்தது; அடுத்த நொடியே கோபமும் வந்தது. "ஏன்டா எடுத்தே?"

"எடுக்கல. போட்டோ புடிச்சாங்க, சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு ஓடிட்டாங்க. மூடி போர்வைக்குள்ள கெடந்துச்சு. நான் திருப்பிக் குடுக்கல, அவ்வளவுதான்."

"அடுத்த புதன்கிழமை நான் ஹனோய்ல ஒப்படைக்கணும். பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு."

"உங்க பேராவது ஒரு எடத்துல இருக்கு." அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "என் மெடல் எங்க அத்தை? முப்பது மெடல் வந்துச்சு. ஆடுனவங்க, உக்காந்திருந்தவங்க எல்லாம் சேத்தாலும் இருபத்தஞ்சு பேரு. எனக்கு எடுத்து வச்சிருக்கோம்னு சொன்னாங்க. அப்புறம் வீட்டுக்கு அனுப்பறோம்னாங்க. அப்புறம் ஃபோனையே எடுக்கல. டெட் புத்தாண்டுக்கு லோக் மாமா பேரன் ஃபேஸ்புக்ல போட்டோ போட்டிருந்தான். பட்டாம்பூச்சிச் சட்டை, கழுத்துல மெடல்."

தாவோ உள்ளே போய்விட்டாள். லூவா, மெடல் வினியோகம் தன் கையில் இல்லை என்று சொல்ல நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். முப்பதாவது பெயருக்கு நேரே 'விருந்தினர்' என்று போடச் சொன்னார்கள். போட்டாள்.

"மெடல் வந்தா மூடி வரும்," என்றான் துயென். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல அத்தை. ஆனா உங்களுக்காகக் குடுத்தா, கழகத்துல இருக்கறவங்க நிம்மதியாத் தூங்குவாங்க."

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. கண்ணில் மண். கடைக்காரனிடம் கொஞ்சிக் கேட்பது போலக் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் வந்தாள். இப்போது போக வேண்டிய இடம் வேறாகிவிட்டது. லோக் அண்ணனிடம் அவள் இதுவரை கேட்டதெல்லாம் காகிதக் கட்டும் மை டப்பாவும்தான். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கணவர் செத்தபோது வேலைக்குப் பரிந்து பேசியவரே அவர்தான். அந்த நன்றி இருபத்தொரு வருஷமாக அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. என்ன சொன்னாலும் அது கனத்தது.

வியாழக்கிழமை முழுக்க அவர் அறை வாசலைத் தாண்டித் தாண்டிப் போனாள். உள்ளே நுழையவில்லை. கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. கணக்குப் பெண், "உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டாள். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அன்று மாலை, ஒப்படைப்புப் படிவத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். மூன்று நகல். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே இரண்டு கட்டங்கள்: குறைபாடு, காரணம். கீழே துணைத் தலைவர் கையெழுத்து. கோப்பை, நன்று. பீடம், நன்று. பெட்டி, நன்று. மூடி என்ற வரிக்கு வந்ததும் விரல் நின்றது. நிறைய நேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உண்மையை அப்படியே தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை தேநீர் நேரத்தில் அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். லோக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். வழக்கமாகப் படிக்காமலே போடுவார். இந்தத் தடவை என்னவோ கண் நின்றது.

"'குறைபாடு: மூடி இல்லை. மூடி, கோல்கீப்பர் துயென் அவர்களிடம் உள்ளது. காரணம்: அவருக்குரிய பதக்கம் துணைத் தலைவர் லோக் அவர்களிடம் உள்ளது.'" வாய்விட்டுப் படித்து முடித்து அவளைப் பார்த்தார். "இத நீயா டைப் பண்ணினே?"

"ஆமாண்ணா."

"என்ன லூவா, மிரட்டுறியா?"

"இல்லண்ணா. காரணம்னு கட்டம் இருக்கு. எழுதாம விட்டா அங்க கேப்பாங்க. அதான் எழுதினேன்."

குரல் தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீசுக்கு ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பய அரை மணி நேரத்துல கொண்டாந்து வைப்பான்."

"போலீசும் அவன்கிட்ட ஏன்டா வச்சிருக்கேன்னுதான் கேப்பாங்கண்ணா."

லோக் பேனாவை மூடினார். தேநீரைக் குடித்தார். அவர் முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி தொங்கிப்போனது. "அது பேரன் அறையில ஆணியடிச்சு மாட்டியிருக்கு. கழட்டினா வீட்டையே ரெண்டாக்கிடுவான்," என்றார். அவள் அங்கேயே நின்றாள். "போ, வேலையப் பாரு" என்று படிவத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் ஊதுவத்தியைக் கொளுத்திவைத்துவிட்டு வந்தாள். அவர் போலீசிடம் போய்விட்டாரோ, துயென் வீட்டு வாசலில் ஜீப் நிற்குமோ என்று நினைத்து இரண்டு முறை நெடுஞ்சாலைப் பக்கம் சைக்கிளில் போய்த் தூரத்திலிருந்தே பார்த்தாள். கொட்டகையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டாள். மகளுக்கு ஃபோன் செய்து, அம்மாவுக்கு வேலை போனால் உன்னோடு வந்து இருக்கலாமா என்று கேட்கப் போனவள், குழந்தைக்கு ஜலதோஷமா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மேசையில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. உள்ளே மெடல். நாடா ஓரத்தில் பச்சைக் கிரேயான் கீறல். ஒரு இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. லோக் அறைக்கதவு சாத்தியிருந்தது.

துயென் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல மேலும் கீழும் ஆட்டினான். தாவோவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இவ்வளவு லேசாவா இருக்கும்?" என்றான்.

"தகரத்துல முலாம் பூசியிருப்பாங்க," என்றாள் தாவோ. "இதுக்கா ஒரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே?"

அவன் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய மூடியை எடுத்து வந்து கொடுத்தான். லூவா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அலுவலகத்துக்குத் திரும்பினாள். படிவத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தாள். மூடி, நன்று. லோக் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் பெட்டியைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் பெட்டியை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போக வேண்டும். ரயில் தான்ஹோவா நகரைத் தாண்டியதும் மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்து மூடியை எடுத்தாள். அரிசித் தவிடு ஒட்டியிருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பினாள். தவிடு இல்லை. ஆணியால் கீறிய எழுத்துகள் இருந்தன. 'துயென். 5வது பந்து.'

அப்போதுதான் கரை ஏறியிருந்தாள். இப்போது மறுபடி தண்ணீருக்குள். கைக்குட்டையால் தேய்த்தாள். போகவில்லை. கைப்பையில் பாலிஷ் டப்பா இருந்தது. அதைத் திறந்து, விரலில் தொட்டு, எழுத்துக்கு மேலே கொண்டுபோனாள். நின்பின் ஊர் வரும் வரை அப்படியே விரல் நீட்டியபடி இருந்தாள். எதிர்ச் சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விரலைத் தன் முழங்கால் துணியில் துடைத்துக்கொண்டு மூடியைப் பள்ளத்தில் வைத்து மூடிவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சம்மேளன அலுவலகத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பீடத்தைச் சுற்றித் தகடுகளை எண்ணினார். கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிச் சுழற்றினார். மூடியை எடுத்தார். திருப்பினார். நின்றார்.

"இது யாரு பேரு?"

"எங்க கோல்கீப்பர்," என்றாள் லூவா. "கடைசிப் பந்தைத் தடுத்தவன். அதுலதான் காலு போச்சு. தகட்டுல ஊர்ப் பேருக்குத்தான் எடம் இருக்கு."

அவர் மூடியை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் யாரோ தொலைபேசியில் டிக்கெட் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் படிவத்தை இழுத்து, மூடிக்கு நேரே சின்ன எழுத்தில் எழுதினார்: 'உட்புறம் சிறு கீறல். பயன்பாட்டினால் ஏற்பட்டது.' முத்திரை குத்தி ஒரு நகலை அவளிடம் தள்ளினார்.

"போன வருஷ ஆட்டத்த டிவில பாத்தேன்," என்றார். "அவன் எந்தப் பக்கம் பாய்வான்னு எனக்குக்கூடத் தெரியல."

சனிக்கிழமை புது ஆட்டம் நடந்தது. வேறு இரண்டு அணிகள். பென் சாய் எதிலும் இல்லை. துயெனின் கொட்டகையில் வண்டி கழுவ வந்தவர்களோடு உட்கார்ந்து லூவாவும் பார்த்தாள். ஆட்டம் சுமார்தான். இரண்டு பக்கமும் பாதிப் பேர் பெஞ்சில். துயென் கோல்கீப்பர்களை மட்டும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். முடிவில் வென்ற அணியின் தலைவன் கோப்பையைத் தூக்கியபோது, மூடியை யாரோ தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள். கேமரா அருகே போனது. உள்பக்கம் தெரியவில்லை.

செப்டம்பரில் லூவாவை டிக்கெட் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த அறை சின்னது, மேற்கு வெயில் நேராக அடிக்கும். ஆட்டம் இல்லாத நாட்களில் வேலை இல்லை. துயென் ஒரு பழைய மின்விசிறியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான்.